திறப்பதற்கு முன்

நத்தம் வட்டாரத்து மாந்தோப்புகளில் செந்தூரமும் கல்லாமையும் பறித்து முடிந்த பிறகு, மழை ஈரத்தில் களை முழங்கால் உயரம் எழும்பிவிடும். கிளைகள் தாழ்ந்த பழைய மரங்களுக்கு இடையில் பெரிய டிராக்டரைத் திருப்ப முடியாது. பவர் டில்லரும் மினி டிராக்டரும்தான் நுழையும். மேலைநாட்டு வீடுகளில் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி செய்யும் வேலையை, அதைவிடக் கடுமையான மண்ணில் இந்தச் சிறிய இன்ஜின்கள் செய்கின்றன. அவை பட்டறைக்கு வரும்போது உரிமையாளர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாசகம்: “ஸ்டார்ட் ஆகுதுண்ணே, இழுவைதான் இல்ல.” இதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து காரணங்கள் இருக்கலாம். அவற்றில் எது என்பதை ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிற திறமைதான் இந்தத் தொழிலின் ஆக அழகான பகுதி என்பது என் கட்சி. ரிங் மாற்றவும் வால்வு உரசவும் பழகிய கை போதும். எதைத் தொட வேண்டாம் என்று அறிவதற்குத்தான் கலை வேண்டும்.

இழுவை இல்லை என்றதும் இன்ஜினில்தான் பழுது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தேர்ந்த மெக்கானிக் அங்கேயே நின்று யோசிப்பார். வி.எஸ்.டி. சக்தி 130 போன்ற டில்லரில் இன்ஜினின் 13 குதிரைத்திறனும் வி-பெல்ட்கள் வழியாகத்தான் கிளட்சுக்குப் போகிறது. ரோட்டரி மண்ணைக் கடிக்கும்போது இன்ஜின் சத்தம் தாழ்ந்து திணறினால், பலம் பிறக்கும் இடத்திலேயே குறை. சத்தம் மாறாமல் இருக்க ரோட்டரி மட்டும் தயங்கினால், பலம் பிறக்கிறது, போய்ச் சேரவில்லை. பெல்ட் வழுக்குகிறது அல்லது கிளட்ச் தேய்ந்திருக்கிறது. சந்தேகப் பட்டியலில் பாதியை இந்த ஒரு கேள்வி தள்ளுபடி செய்துவிடுகிறது. பெல்ட்டை இறுக்கினால் தீரும் குறைக்கு இன்ஜினைப் பிரித்துப் போடுவது எவ்வளவு பெரிய வீண்செலவு என்பது அப்போது விளங்கும்.

அடுத்தது புகை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது, நாசில் நொடிக்கு 20 முறை டீசலைத் தூவுகிறது. ஒவ்வொரு தூவலும் முழுதாக எரிந்ததா என்பதற்குச் சாட்சி சைலன்சர் வாய். பாரம் ஏறியதும் கரும்புகை தள்ளினால், டீசல் வருகிறது, எரியக் காற்று போதவில்லை அல்லது நாசில் பூவாகத் தூவாமல் ஒழுகுகிறது. பாரத்தில் திணறியும் புகையே இல்லையென்றால், டீசலே போதிய அளவு வரவில்லை. ஃபில்டர் அடைப்பு, குழாயில் காற்று, பம்ப் தேய்மானம் என்று தேட வேண்டும். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதைச் சொல்லும். சூடேறிய பின்னும் தொடரும் வெண்புகை, எரியாத டீசலையோ உள்ளே கசியும் தண்ணீரையோ காட்டும். கரும்புகைக்கும் புகையின்மைக்கும் உள்ள வேறுபாடு தனி நயம் உடையது. புகார் ஒன்றே, காரணங்களோ நேர் எதிர்த் திசைகளில். ஒன்றைக் காற்று வழியிலும் மற்றதை டீசல் வழியிலும் தேட வேண்டும் என்று கண்பார்வையே பிரித்துவிடுகிறது.

குறை எப்போது தோன்றுகிறது என்பது மூன்றாவது சாட்சி. அரைமணி நேரம் நன்றாக ஓடி, மெல்ல மெல்லப் பலம் இழந்து நின்று, சிறிது ஆறப்போட்டால் மறுபடி ஓடுகிற இன்ஜினைப் பார்த்ததும் பலர் ‘சூட்டுக்கோளாறு’ என்று முடித்துவிடுவார்கள். அனுபவசாலி முதலில் டீசல் டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்ப்பார். மூடியிலுள்ள காற்றுத் துளை புழுதியில் அடைத்தால், டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து இழுக்கும். ஊசி முனையில் தீர்ந்துபோகும் பழுது அது. சித்திரை வெயிலில் எந்த இன்ஜினும் சோரத்தான் செய்யும் என்ற சமாதானமும் கணக்குக்கு நிற்காது. காற்றின் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்ந்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம்தான் குறையும். பாதி பலம் போனதற்கு வெயில்மேல் பழிபோட முடியாது.

இவ்வளவுக்கும் பிடிபடாத குறைதான் கம்ப்ரஷனுக்கு வருகிறது. கலையின் உச்சம் இங்கேதான். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜின் முதல் இன்றுவரை தத்துவம் ஒன்றே: தீப்பொறி கிடையாது, அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். அந்தக் காற்று கசிந்தால் சூடும் போயிற்று, பலமும் போயிற்று. கசிவதற்கு முக்கியமாக நான்கு வழிகள் உண்டு. ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, அமுக்கம் எதிர்த்து நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு காதுகொடுத்தால், காற்று எந்த வாசலில் சீறுகிறது என்று கேட்கும். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கும் லைனரும். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். வால்வு என்றாலும் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. டாப்பெட் இடைவெளி இல்லாமல் போயிருந்தால் சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாது; ஃபீலர் கேஜை நுழைத்துச் சரிசெய்தாலே பலம் திரும்பிவிடலாம்.

காரணத்துக்கும் காரணம் தேடுவதில்தான் நல்ல மெக்கானிக்கும் மற்றவரும் பிரிகிறார்கள். ரிங் தேய்ந்திருக்கிறது, மாற்றியாயிற்று என்று வண்டியை அனுப்பினால் வேலை பாதிதான் முடிந்தது. ஏன் தேய்ந்தது? தோப்பின் செம்மண் புழுதியில் உள்ள குவார்ட்ஸ் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தும், அதற்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால், புது ரிங்கும் அடுத்த பருவத்துக்குள் அரைபட்டுவிடும். அந்த வெடிப்பை விரலால் தடவிக் கண்டுபிடிப்பவரின் வேலைதான் முழுமை பெற்ற வேலை.

திறக்காமலே பழுதறியும் இந்த முறைக்கு மூன்று மறுப்புகள் எழலாம். காதையும் கண்ணையும் நம்புவது ஊகம், அளவுதான் உண்மை என்பது முதலாவது. இதில் நியாயம் உண்டு. கம்ப்ரஷன் கேஜும் நாசில் டெஸ்டரும் இல்லாத பட்டறை குறையுள்ள பட்டறைதான். ஆனால் எதை அளப்பது என்று கேஜ் சொல்லாது. புலன்கள் கேள்வியைக் கூர்மையாக்குகின்றன, கருவி விடையை உறுதிசெய்கிறது. கருவியோடு ஒத்துப்பார்த்துத் தன் காதைத் திருத்திக்கொள்பவரே தேர்ச்சி பெறுகிறார். இனி ஸ்கேனரே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது இரண்டாவது. இந்தச் சிறிய இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் ஸ்கேனர் பேசுவதற்கு சென்சாரே கிடையாது. மூன்றாவதுதான் பட்டறைகளில் அதிகம் ஒலிப்பது: எப்படியும் பழைய வண்டி, மொத்தமாகப் பிரித்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் நிம்மதி. நிம்மதி வராது. ஹெட்டைத் திறந்தால் கேஸ்கட் புதிதாகப் போட வேண்டும். போல்ட்களை முறைப்படி இறுக்க வேண்டும். ஒன்றோடொன்று ஓடிப் பதிந்த பாகங்களைப் பிரித்துப் புதியவற்றை மறுபடி பதியவிட வேண்டும். தேவையில்லாமல் திறப்பதில் புதுப் பழுது நுழைய இத்தனை இடங்கள் உண்டு.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கலை அது. பழுதறியும் கலைக்கு அப்படிக் காட்ட ஒரு பொருள் இல்லை. வண்டி முன்போல ஓடுகிறது என்பது மட்டுமே மிச்சம். அதனால்தான் அதற்கு விலையும் இல்லாமல் போகிறது. பாகத்துக்குப் பணம் தருகிறோம், கழற்றிப் பூட்டிய கூலி தருகிறோம். அரைமணி நேரம் கேட்டு, பார்த்து, “இன்ஜினைத் தொட வேண்டாம், பெல்ட்டை மட்டும் இறுக்குங்க” என்று சொல்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கழற்றினால்தான் கூலி என்றிருக்கும்போது, கழற்றாமல் இருக்கும் நேர்மைக்கு மெக்கானிக் தன் கைக்காசை இழக்க வேண்டியிருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர்களும் டில்லரை வாடகைக்கு ஓட்டுபவர்களும் இதை மாற்றலாம். இழுவை குறைந்தால் எப்போது, எந்தப் புகையோடு, எவ்வளவு நேரம் கழித்து என்று கவனித்துச் சொல்லுங்கள். எதையும் மாற்றாமல் பழுதைக் கண்டுபிடித்துத் தந்தவருக்கு, மாற்றியவருக்குத் தரும் அதே மனதோடு கூலி கொடுங்கள்.