கட்டுரையின் அடியில் ஒரு வரி

மாமா ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். பத்திரிகைகளில் வரும் முதலீட்டுக் கட்டுரைகளைக் கத்தரித்து, மைதாப் பசை தடவி அதில் ஒட்டுவார். அவர் காலத்துக்குப் பிறகு அதைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. எழுதியவர் யார், என்ன தொழில் செய்கிறார் என்று கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் வருமே, அந்த வரி எந்தத் துண்டிலும் இல்லை. ஓரத்தைச் சீராக்கும்போது கத்தரிக்கோல் அதையும் தள்ளிவிட்டிருக்கிறது.

நிதி, தொழில்நுட்பம் இரண்டைப் பற்றியும் வல்லுநர்கள் நம் பத்திரிகைகளில் எழுதிவந்ததைத் தொகுத்துப் பார்க்கும்போது, நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

பத்திரிகை வாசகனைப் பங்கு வாங்கச் சொல்வது நேற்று வந்த பழக்கமல்ல. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகை அதற்கு வெளிப்படையாகவே துணை நின்றது. பாரதி யார் பக்கம் என்று வாசகனுக்குத் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை. 1920இல் காரைக்குடியில் தொடங்கப்பட்ட ‘தன வைசிய ஊழியன்’ பெயரிலேயே தன் வாசகர் யார் என்று சொல்லிவிட்டது.

தொழில்நுட்பப் பக்கம் வந்தால் எழுத்தாளர் சுஜாதா. பகலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அவர் பங்கு ஊரறிந்தது. ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ எழுதியபோது வாசகனிடம் விற்பதற்கு அவர் கையில் சரக்கு எதுவும் இல்லை. அவருடைய நடையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். எதையும் விற்க வேண்டியிராத ஒருவர் எழுதினார் என்பதும் அந்தப் பக்கங்களின் தெளிவுக்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2005இல் ‘நாணயம் விகடன்’ வந்த பிறகு களம் அகலமானது. சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ போன்ற நூல்களைக் கிழக்கு பதிப்பகம் கொண்டுவந்தது. 2013 செப்டம்பரில் ‘தி இந்து’ தமிழில் வந்தபோது ‘வணிக வீதி’ என்று தனி இணைப்பே கிடைத்தது. ஆங்கில நாளேடு வாங்காத வீட்டிலும் எஸ்.ஐ.பி. என்ற மாதாந்தர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு, டேர்ம் இன்ஷூரன்ஸ் என்ற பேச்சு நுழைந்ததற்கு இவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். பைனான்ஸ் கம்பெனிகளில் பணத்தைத் தொலைத்த ஊர் இது. அந்த ஏமாற்றங்களால்தான் 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே போட்டது. அப்படிப்பட்ட ஊரில் ‘24 சதவீத வட்டி எங்கிருந்து வரும்?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்த எவரும் நல்லது செய்தவர்தான்.

ஆனால் சட்டம் இந்த எழுத்தை எப்படிப் பார்க்கிறது என்று படித்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. முதலீட்டு ஆலோசகர்களுக்காக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2013இல் கொண்டுவந்த விதிமுறையின்படி, பொதுமக்களுக்குப் பரவலாகக் கிடைக்கும் நாளிதழ், வார இதழ், தொலைக்காட்சி வழியாகச் சொல்லப்படுவது ‘முதலீட்டு ஆலோசனை’ என்ற கணக்கில் வராது. மாமாவின் நோட்டு முழுக்க ஆலோசனை. சட்டத்தின் கண்ணில் அது வெறும் பேச்சு. அடுத்த ஆண்டே ஆய்வாளர்களுக்கான விதிமுறை வந்து ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தது: ஊடகத்தில் ஒரு பங்கைப் பரிந்துரைப்பவர் தன் பதிவு நிலையையும், அந்தக் கம்பெனியில் தனக்குள்ள பண ஈடுபாட்டையும் சொல்லியாக வேண்டும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கதை உண்டு. ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளேட்டில் பங்குச் சந்தைப் பத்தி எழுதிவந்த ஃபாஸ்டர் வினன்ஸ், 1983–84இல், மறுநாள் பத்தியில் எந்தக் கம்பெனி வரப்போகிறது என்பதை முதல்நாளே ஒரு பங்குத் தரகரிடம் சொல்லிவந்தார். அவர்கள் அடித்த லாபம் ஏறத்தாழ 6,90,000 டாலர். பத்தியில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் விசேஷம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1987இல், பங்குச் சட்டத்தின்கீழ் மோசடியா என்ற கேள்வியில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்தார்கள். பத்திரிகைக்குச் சொந்தமான ரகசியத்தைத் திருடிய குற்றத்தில் மட்டும் ஒருமனதாக நின்றார்கள். வாசகனுக்கு இழைத்த துரோகத்தைவிட முதலாளிக்கு இழைத்த துரோகத்தை நிரூபிப்பது எளிதாக இருந்திருக்கிறது!

நாற்பது ஆண்டுகள் கழித்து இங்கேயும் அதே வேலை. 2024 பிப்ரவரியில் ஜீ பிசினஸ் தொலைக்காட்சியின் விருந்தினர் வல்லுநர்கள் சிலரையும் அவர்களோடு வர்த்தகம் செய்தவர்களையும் பற்றிச் செபி இடைக்கால உத்தரவு போட்டது. அதில் உள்ள குற்றச்சாட்டு: என்ன பரிந்துரைக்கப் போகிறோம் என்பதை வல்லுநர் முன்கூட்டியே சொல்வார், கூட்டாளி வாங்கி வைப்பார், நிகழ்ச்சி ஒளிபரப்பாகும், பார்த்தவர்கள் வாங்க விலை ஏறும், கூட்டாளி விற்றுவிட்டு லாபத்தில் பங்கு கொடுப்பார். 7.41 கோடி ரூபாயை முடக்கினார்கள்.

பத்திரிகையே கூட்டாளியாக நின்ற காலமும் உண்டு. விளம்பரத்துக்குக் காசு வாங்காமல் கம்பெனியின் பங்கையே வாங்கிக்கொள்ளும் ‘பிரைவேட் ட்ரீட்டீஸ்’ ஏற்பாட்டை டைம்ஸ் குழுமம் தொடங்கிவைத்தது. அப்படிப் பங்கு வைத்திருக்கும் கம்பெனியைப் பற்றிச் செய்தி வந்தால் அதை வாசகனுக்குச் சொல்ல வேண்டும் என்று 2010இல் செபி வலியுறுத்த வேண்டியிருந்தது.

இவையெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். நம் வார இதழ்களில் நான் பார்ப்பது இதைவிடச் சின்னது. அந்த மாதிரி மோசடியும் அல்ல. கட்டுரையாளர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். ‘நிதி ஆலோசகர்’ என்று போடுவார்கள். விநியோகஸ்தருக்கு ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து கமிஷன் வருகிறது. கமிஷன் இல்லாத ‘டைரக்ட் பிளான்’ 2013 ஜனவரியிலிருந்தே உண்டு. எஸ்.ஐ.பி.யின் மகிமையை விளக்கும் எத்தனையோ கட்டுரைகளில் அந்த இரண்டு சொற்களைத் தேடிச் சலித்திருக்கிறேன். விநியோகஸ்தர்கள் ‘சுதந்திரமான நிதி ஆலோசகர்’, ‘செல்வ ஆலோசகர்’ என்ற பொருளில் ஆங்கிலப் பட்டம் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2020இல் செபி தடுத்தது. தடை பட்டத்துக்குத்தான். எழுதுவது அவரவர் உரிமை. அவர்களில் நேர்மையாக எழுதுகிறவர்களும் நிறையப் பேர்.

தொழில்நுட்பத்தில் இந்தக் கட்டுப்பாடுகூட இல்லை. 2021இல் கிரிப்டோவுக்கு முழுப்பக்க விளம்பரம் வந்துகொண்டிருந்த காலத்தில் உள்பக்கக் கட்டுரைகளின் தொனியும் விளம்பரத்தோடு ஒத்துப்போனது. அடுத்த பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி வந்ததும் அதே பக்கங்களில் எச்சரிக்கைத் தொனி. இப்போது செயற்கை நுண்ணறிவு. மென்பொருள் விற்கும் கம்பெனியின் அதிகாரி, வேலைகளுக்கு என்ன ஆகும் என்று ஆரூடம் சொல்கிறார். தென்காசிப் பக்கத்திலிருந்து ஸ்ரீதர் வேம்பு பேசும்போது அவருடைய மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் பெயர் கூடவே வருகிறது. கேட்பவன் தள்ளுபடி போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். பெயரும் நிறுவனமும் இல்லாமல் ‘ஏ.ஐ. வல்லுநர்’ என்று மட்டும் வரும்போது எதைத் தள்ளுவது?

தமிழில் இந்தத் துறை சொற்களை நன்றாகவே உண்டாக்கியது. பங்குச் சந்தை நிலைத்தது. பரஸ்பர நிதி, மியூச்சுவல் ஃபண்டிடம் தோற்றது. எழுதுகிறவரின் ஆதாயமும் வாசகனின் ஆதாயமும் மோதுவதற்கு மட்டும் ‘நலன் முரண்’ என்று அகராதியில்தான் ஒரு சொல் இருக்கிறது. கடைத்தெருவில் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: “கமிஷன் உண்டா?”

மாமாவின் நோட்டில் கடைசியாக ஒட்டியிருப்பது ஒரு எஸ்.ஐ.பி. கட்டுரை. பக்கத்திலேயே பென்சிலில் மாதம் எவ்வளவு கட்டலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எழுதியவர் யாரென்று கண்டுபிடிக்க இனி வழியில்லை.