தூண்டில் கழி

ஐப்பசி மழையில் வல்லம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் நல்ல தூண்டில் கழிக்குக் கண் அலையும். கல் மூங்கிலைத்தான் நான் உயர்வாகச் சொல்வேன். உள்துளை சிறிது, சதை கெட்டி. 3 வயதாவது முற்றியிருக்க வேண்டும். இளங்கழி காயும்போது சுருங்கும். அதன் மாவுச்சத்தைத் தேடி வண்டும் துளைக்கும்.

கணுக்கள் நெருங்கி, அடி தடித்து, நுனி சீராக மெலிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு நுனியைத் தரையில் ஊன்றி மெல்ல வளையுங்கள். வளைவு நுனியிலிருந்து அடிநோக்கி ஒழுக வேண்டும்; விட்டதும் கழி நிமிர வேண்டும். ஒரே கணுவில் மடங்கினால், விரால் இழுக்கும்போது அங்கேதான் முறியும். என்ன அழகான சோதனை!

கடையில் வாங்கும் கார்பன் கழி எடை குறைவு, உண்மைதான். ஆனால் கல்லில் பட்டுக் கீறல் விழுந்தால் சொல்லாமல் ஒடியும். மூங்கிலோ நார் விட்டுச் சடசடக்கும். கையைத் தளர்த்த அவகாசம் கிடைக்கும்.