விளிம்பைப் படிக்கும் சேகரிப்பாளர்

கிரேக்கத் தொன்மம் பொறித்த பிரெஞ்சுக் கலைப்பதக்கங்களைச் சேகரிப்பவர் முகத்தைப் பார்த்த கையோடு விளிம்பைத் திருப்பிப் பார்க்கிறார். பாரிஸ் நாணயச்சாலை 1832 முதல் விளிம்பில் ஒரு குறி இடத் தொடங்கியது. விளக்கு, நங்கூரம், கப்பல் முகப்பு, சுட்டும் கை என்று மாறி, 1860இல் தேனீ, 1880இல் வளமைக் கொம்பு. நெப்போலியன் காலத்துப் பதக்கத்தில் தேனீ இருந்தால் அது பிற்பாடு அடித்தது, விலை இறங்கிவிடும். (விளிம்பு, விளிம்பு என்று நாம் எழுதித் தள்ளியதில் இந்த விளிம்பு வந்ததாக நினைவில்லை.)

சேகரிப்பாளர் பொருள்களைப் பயன்பாடு என்னும் அடிமை வேலையிலிருந்து விடுவிக்கிறார் என்பது வால்டர் பெஞ்சமினின் கருத்து. புத்தகத்துக்குச் சரி. பதக்கத்துக்கு? அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. பத்திரப்படுத்தப்படுவதற்கென்றே அடிக்கப்பட்டது அது. ஆகவே பேழையில் வைப்பவர் அதை விடுவிக்கவில்லை. அரசு அதனிடம் ஒப்படைத்த வேலையை முடித்துக்கொடுக்கிறார்.

1804ஆம் ஆண்டுப் பதக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நெப்போலியன் தலை. மறுபக்கம் அருங்காட்சியகக் கூடம், உள்ளே லாவோகூன். மரக்குதிரையை நகருக்குள் விடாதீர்கள் என்று டிராய் மக்களை எச்சரித்த பூசாரி அவர். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது பாம்புகள். பிள்ளைகளோடு சேர்த்து நெரிபட்டார். அந்தச் சிலை போப்பின் வாத்திகனிலிருந்து 1797 தொலெந்தினோ ஒப்பந்தத்தின் பேரில் பறிக்கப்பட்டு, 1798இல் பாரிஸ் தெருக்களில் வெற்றி ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டது. கொள்ளைப்பொருளைக் கூடத்தில் அடுக்கியவரும் பதக்கச்சாலையை நடத்தியவரும் ஒரே ஆள்தான்: விவாந் தெனோன். சிலைக்குக் கீழே பொறித்த வாசகத்தைக் கவனியுங்கள்: ‘லாவோகூன் கூடம்’. பூசாரி அறைக்குப் பெயராகிவிட்டார். அறை யாருடையது என்பதை முன்பக்கத் தலை சொல்லிவிடுகிறது.

விற்பனைப் பட்டியல்கள் இதையெல்லாம் பேசுவதில்லை. பழுப்பு மெருகு, தேய்மானம், மில்லிமீட்டர், அவ்வளவுதான். தொன்மம் அங்கே வெறும் ‘செவ்வியல் அழகு’. அழகு இல்லையென்று நான் வாதாட வரவில்லை. உள்ளங்கையில் அடங்கும் வட்டத்துக்குள் ஒரு கூடத்தின் ஆழத்தைக் கொண்டுவருவது லேசான வேலையா என்ன! ஆனால் கொள்ளையைப் பண்பாடாகக் காட்டித் தரும் காரியத்தை அந்த அழகுதான் செய்கிறது.

நெப்போலியன் வீழ்ந்தபின், 1816இல் சிலை ரோமுக்குத் திரும்பியது. பதக்கங்களைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் காலத்துப் பதக்கங்கள் பலவற்றை அதே நாணயச்சாலை பிறகும் அடித்து விற்றுக்கொண்டுதான் இருந்தது, விளிம்பில் வளமைக் கொம்போடு. அந்தக் கொம்பும் கிரேக்கத் தொன்மம்தான்: குழந்தை ஸூஸுக்குப் பாலூட்டிய அமால்தியாவின் கொம்பு.