கோல் அடித்தவர், கோல் தடுக்கக் கற்றுக்கொடுத்தார்

புருனேக்கு எதிராக 1993இல் வி. சுந்தரமூர்த்தி அடித்த பைசிக்கிள் கிக் கோலைச் சிங்கப்பூரில் இன்றும் பேசுகிறார்கள். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவர், உடம்பை அந்தரத்தில் சாய்த்து, தலைக்கு மேல் காலைச் சுழற்றிப் பந்தை வலைக்குள் போட்டார். 1965இல் பிறந்த இந்தத் தமிழருக்கு ரசிகர்கள் வைத்த பட்டம் 'டாஸ்லர்'. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் வரை போய் ஆடிவிட்டு வந்த கால்கள் அவருடையவை.

இப்படி ஆடியவர் பயிற்சியாளர் ஆனால், அணியும் அப்படியே ஆடும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது வேறு. சுந்தரமூர்த்தியின் அணிகள் ஓடி ஓடி இடத்தை அடைத்தன, எதிராளிக்கு மூச்சுவிட நேரம் தரவில்லை. தன் கால் வித்தையை இன்னொருவர் காலுக்கு மாற்ற முடியாது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார் என்றே நான் நினைக்கிறேன். டிஃபென்ஸுக்கும் நடுகளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம், பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடி யார் எங்கே ஓட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். அவர் அதைச் சொல்லிக்கொடுத்தார்.

அதற்குப் பலன் கிடைத்த ஆண்டு 2013. மலேசிய சூப்பர் லீகில் ஆடுவதற்காக, 2012இல் சிங்கப்பூர் 'லயன்ஸ் XII' என்ற அணியைச் சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் அனுப்பியது. பெரும்பாலும் இளம் உள்நாட்டு வீரர்கள். முதல் ஆண்டே இரண்டாம் இடம். அத்தோடு ஷாரில் இஷாக், பைஹாக்கி கைசான் என்ற இரு மூத்தவர்களை மலேசியாவின் ஜொகூர் அணி தூக்கிக்கொண்டு போனது. அதே ஜொகூர், ஸ்பெயினின் டேனி குயிசாவையும் இத்தாலியின் சிமோன் டெல் நெரோவையும் பெரும் பணம் கொடுத்துக் கொண்டுவந்தது. சுந்தரமூர்த்தியிடம் மிஞ்சியது ஹாரிஸ் ஹாருன், சஃபுவான் பஹாருதீன் போன்ற இருபதைத் தாண்டிய பையன்கள். ஜூலை 2 அன்று ஜாலான் புசார் மைதானத்தில் ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று அடித்துக் கோப்பையை வாங்கியது அந்தப் பையன்கள்தான். மலேசிய லீகில் சிங்கப்பூர் பட்டம் வென்று அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த வெற்றியை நம்பி 2016 மே மாதம் சிங்கப்பூர் தேசிய அணியை அவரிடம் கொடுத்தார்கள். அங்கே சறுக்கினார். அந்த ஆண்டு தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கோப்பையில் பிலிப்பைன்ஸோடு 0-0, தாய்லாந்திடம் 0-1, இந்தோனேசியாவிடம் 1-2. குழுவில் கடைசி. தற்காப்புக்குள் பதுங்குகிறார் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. தாக்கி ஆடும் துணிச்சலை அவர் அந்த அணிக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. 2018 ஏப்ரலில் விலகினார். ஆனால் கிளப்பில் தினமும் காலை, மாலை கையில் இருக்கும் வீரர்கள், தேசிய அணியில் சில நாள் முகாமுக்கு மட்டுமே வருவார்கள். தினசரி உழைப்பில் அணியை உருவாக்குகிற ஒருவரிடமிருந்து அந்தத் தினங்களையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அவர் பிறவிக் கிளப் பயிற்சியாளர். இது என் முடிவு.

விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர்க் கதை எதற்கு என்று கேட்கலாம். அது நம் பக்கத்துக்கே வந்து சேர்ந்த கதை. சுந்தரமூர்த்தி சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் கிளப்பை விட்டுத் தேசிய அணிக்குப் போனபோது, அந்த இடத்தில் உட்கார்ந்தவர் அக்பர் நவாஸ். அவர்தான் பிறகு கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணிக்கு 2018-19 ஐ-லீக் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திய பட்டம். அதே சீசனில் மதுரையின் சேது எஃப்சி பெண்கள் இந்திய மகளிர் லீகை வென்றார்கள். அவர்களை ஆதரிக்கும் சேது கல்லூரி நம் மாவட்டத்துக் காரியாபட்டியில்தான் இருக்கிறது.

நம் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பட்டாசு ஆலைக்கு லீவு என்றால் பொட்டல் நிறையப் பையன்கள். ஓட்டத்துக்கும் உதைக்கும் குறைவே இல்லை. பந்து போகும் பக்கமெல்லாம் பத்துப் பேரும் சேர்ந்து ஓடுகிறார்கள். எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. பட்டாசு ஆலை ஃபோர்மேன் மருந்தை அள்ளுவதில்லை. எந்த அறையில் எத்தனை பேர், யார் எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். மைதானத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஆடி ஓய்ந்த முப்பத்தைந்து வயதுக்காரர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் 'டி' லைசென்ஸ் பயிற்சிக்கு அவர்களில் ஒருவரையாவது ஊர்க்காரர்கள் பணம் போட்டு அனுப்ப வேண்டும். அடுத்த டோர்னமென்ட்டுக்குக் கப் வாங்க ஒதுக்குகிற தொகையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.