உடுப்பும் ஆடவேண்டும்: பாடசாலை இசைநாடகங்களில் வேடப்புனைவு பற்றிய ஒரு நோக்கு

நடிப்பின் வெளிப்பாட்டை ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்துவிகம் என நான்காக வகுப்பது பரத மரபு. இவற்றுள் உடலசைவு பற்றியும் குரல் பற்றியும் திறனாய்வாளர் விரிவாகவே எழுதியுள்ளனர். உடை, அணி, முகவொப்பனை என்பவற்றை உள்ளடக்கிய ஆஹார்யமோ, 'உடையலங்காரம் நன்று' என்ற ஒற்றை வாக்கியத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. பாடசாலை இசைநாடகத்தைப் பொறுத்தவரை இக்கவனக்குறைவு பாரதூரமானது. அங்கு உடையை அணிபவர் தொழில்முறை நடிகர் அல்லர். ஆடவும் பாடவும் ஒருங்கே பழகிக்கொண்டிருக்கும் பிள்ளை. அப்பிள்ளைக்கு உடை துணையாகின்றதா, அன்றித் தடையாகின்றதா என்பதே முதலில் கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

பரிசளிப்பு விழா நெருங்கியதும் பாடசாலைகள் பலவற்றில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. பாட்டும் ஆட்டமும் வாரக்கணக்கிற் பயிலப்படுகின்றன. உடை மட்டும் இறுதி நாளில் வாடகைக் கடையிலிருந்து வந்து சேர்கின்றது. சிங்கம் என்றாலும் முயல் என்றாலும் முகம் முழுவதையும் மூடும் தலையோடு கூடிய பஞ்சுடுப்பு. அரசன் என்றால் மினுங்கும் பட்டும் அட்டைக் கிரீடமும். அதுவரை தாளம் பிசகாது ஆடிய பிள்ளை, பார்வை மறைந்து, மூச்சு முட்டி, உடுப்பை ஒரு கையாற் பிடித்தபடி மேடையில் நிற்கின்றது. மூடிய வாயிலிருந்து பாட்டு வெளிவராது என்பதால் ஒலிப்பதிவு ஒலிக்கவிடப்படுகின்றது. இசைநாடகம் என்று தொடங்கியது உடையணி ஊர்வலமாக முடிகின்றது. உடைக்கான பணத்தைப் பெற்றோரே கொடுக்கவேண்டிய இடங்களில், குரல்வளமுள்ள பிள்ளைக்குச் சேரவேண்டிய பாத்திரம் பணவசதியுள்ள பிள்ளைக்குச் சென்றுவிடும் அபாயமும் உண்டு. ஆகவே இது அழகியற் பிரச்சினை மாத்திரமன்று. கல்வியின் நீதி பற்றிய பிரச்சினையுமாகும்.

இதற்கு மாற்று யாது என நோக்குமிடத்து, மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் அரச பாத்திரங்கள் அணியும் கரப்புடுப்பு முதலிற் கருதத்தக்கது. கரப்பு என்பது மீன் பிடிக்கவும் கோழியை மூடிவைக்கவும் பயன்படும் கூடை. அக்கூடை போன்று இடுப்பிலிருந்து கீழ்நோக்கி விரியும் சட்டத்தின்மீது துணி அமைவதால் இவ்வுடுப்பு அப்பெயர் பெற்றது. ஆடுபவன் சுழலும்போது சட்டமும் சுழல்கின்றது. அவன் நின்ற பின்னரும் அதன் அசைவு கணப்பொழுது தொடர்ந்து அடங்குகின்றது. காலின் தாளக்கட்டுச் செவிக்குச் சதங்கையாகவும் கண்ணுக்குக் கரப்புடுப்பாகவும் வெளிப்படுகின்றது எனலாம். பார்வையாளர் சுற்றிவர அமரும் வட்டக்களரிக்கு எப்பக்கத்திலும் முகப்புள்ள உடையே தேவை. கிரீடமும் தோளணியும் உருவத்தைப் பெருப்பிக்கின்றனவேயன்றி முகத்தை மறைப்பதில்லை; ஏனெனிற் கூத்தன் தானே பாடவேண்டியவன்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தமை ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. கூத்து பாடசாலைகளுக்குட் பரவவும் அவரது முயற்சிகள் வழிவகுத்தன. ஆயின், களரி மாறும்போது உடையின் தருக்கமும் மாறவேண்டும் என்பது எல்லோராலும் உணரப்படவில்லை. வட்டத்திற் சுழல்வதற்கென அமைந்த உடுப்பை ஒருபக்க மேடையில் நேர்வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு அணிவித்தால், அது ஒருவரோடொருவர் முட்டும் கூடையாகவே எஞ்சும். மரபின் வடிவம் அங்கு இருக்கும். அதன் காரணம் இராது.

வடிவத்தை விடுத்துக் காரணத்தைப் பற்றிக்கொண்டமைக்கு வேறொரு நாட்டு உதாரணம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 1994 இல் வெளிவந்த 'த லயன் கிங்' என்னும் கேலிச்சித்திரத் திரைப்படம் 1997 இல் நியூயோர்க்கின் புறோட்வே அரங்கில் இசைநாடகமாயிற்று. அதனை நெறிப்படுத்தியவரும் உடைகளை வடிவமைத்தவரும் ஜூலி டேமோர். முகமூடிகளையும் பாவைகளையும் மைக்கல் கறி என்பவரோடு இணைந்து அவர் உருவாக்கினார். இளமையில் இந்தோனேசியாவில் வாழ்ந்து அந்நாட்டு முகமூடி, பாவைக்கூத்து மரபுகளோடு பழகியவர் அவர். 1998 இல் நெறியாள்கை, உடையமைப்பு ஆகிய இரண்டிற்கும் அவருக்கு டோனி விருதுகள் கிடைத்தன.

பாத்திரங்கள் அனைத்தும் விலங்குகளாயிருந்தும் நடிகரை விலங்குத் தோலுக்குள் ஒளிக்க டேமோர் மறுத்தார். சிங்க அரசனின் முகமூடி நடிகனின் முகத்தில் அன்றித் தலைக்கு மேலே அமர்கின்றது. அவன் சீறிக் குனியும்போது அது முன்னோக்கி இறங்கிச் சிங்கமாகின்றது, நிமிரும்போது மனிதமுகம் மீள்கின்றது. ஒட்டகச்சிவிங்கியாக வருபவர் கைகளிலும் கால்களிலும் பொய்க்கால் கட்டி நடக்கின்றார். புல்வெளி என்பது புற்றட்டுகளைத் தலையிற் சுமந்து அசையும் குழுவினரே. பெண்சிங்கங்கள் அழும்போது முகமூடிக் கண்களிலிருந்து வெண்ணிற நாடாக்கள் இழுக்கப்படுகின்றன. அது கண்ணீர் அன்று என்பதை அறிந்துகொண்டே அவை கண்ணீரைக் காண்கின்றது. மனிதனும் விலங்கும் ஒரே வேளையிற் கட்புலனாகும் இந்த இரட்டைத் தோற்றமே அவ்வரங்கின் உயிர்நிலை.

கரப்புடுப்பும் சிங்க முகமூடியும் தோற்றத்தால் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. எனினும் அவற்றின் விதி ஒன்றே. உடை ஆடுபவனின் உடலைப் பிரதிபலித்து நீட்டவேண்டும். அவனுக்குப் பதிலாக நிற்கலாகாது. பாடும் வாயும் பார்க்கும் கண்ணும் திறந்திருக்கவேண்டும். ஓய்ந்து தொங்கும்போது அரைகுறையாகவும், அசையும்போது மாத்திரம் முழுமையாகவும் தோன்றுவதே சிறந்த அரங்க உடை. தையற் சிறப்பும் மினுக்கமும் இதற்கு அடுத்தவை.

இவ்விரண்டையும் அப்படியே பாடசாலைக்குட் பெயர்த்து வைத்தல் தீர்வாகாது. டேமோரின் படைப்பு பெரும் பொருட்செலவில், தேர்ந்த தொழிற்கூடங்களில் உருவானது. அதன் முகமூடிகளை அட்டையிற் பிரதிசெய்வது வாடகை உடுப்பின் இன்னொரு வகையே. கூத்துடையோ பாத்திரத் தரவேற்றுமையைத் தன்னுள்ளே கொண்டது. அரசனுக்குப் பொலிவு, ஏவலாளனுக்கு எளிமை என்னும் அவ்வொழுங்கை வகுப்பிலுள்ள பிள்ளைகள்மீது சிந்தியாது சுமத்துவது பொருந்தாது. பெறவேண்டியது வினாவை: இந்தப் பாத்திரம் எவ்வாறு அசைகின்றது?

பேராசிரியர் சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகத்தை மேடையேற்றும் பாடசாலை இவ்வினாவிலிருந்தே தொடங்கலாம். ஆட்டுக்கு உரோம உடுப்புத் தேவையில்லை. நெற்றியிற் கட்டிய பிரம்பு வளையத்திற் கடதாசிக் கொம்பு இரண்டு, மோவாயில் அன்றிக் கழுத்துப் பட்டியில் தொங்கும் சணல் தாடி, இவை போதும். பிள்ளை தலையசைக்கத் தாடி ஆடும். பாட வாய் தடையின்றித் திறக்கும். களிமண் அச்சின்மீது பழைய பத்திரிகைத் துண்டுகளைக் கோதுமை மாப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, நன்கு உலர்ந்தபின் கழற்றி எடுத்தால் பாரமற்ற முகமூடி கிடைக்கும். பனையோலை, சாக்கு, வெட்டுத்துணி என்பன நிறமும் ஒலியும் உடையவை. ஓலையின் சலசலப்பே ஒரு பறவைக்குச் சிறகொலியாகும். உடை ஒத்திகையின் தொடக்கத்திலேயே வந்துவிடவேண்டும். தலைச்சுமை கழுத்துக்கு ஏற்றதா, மூச்சு எங்கே தடைப்படுகின்றது, குதிக்கும்போது எது கழன்று விழுகின்றது என்பவற்றைப் பிள்ளைகளே கண்டறிந்து திருத்தவேண்டும். அவ்வாறு திருத்துகையில் அளவையும் சமநிலையையும் மட்டுமன்றிப் பாத்திரத்தையும் அவர்கள் கற்கின்றனர். ஆட்டத்திற் சேராத பிள்ளைக்கும் அரங்கில் ஓர் இடம் உண்டாகின்றது.

பெற்றோர் மினுக்கத்தையே விரும்புகின்றனர், சாக்கும் ஓலையும் வறுமையாகத் தோன்றும் என்பர் சிலர். இக்கூற்றைப் புறந்தள்ளலாகாது. அயலாரின் முன்னே தம் பிள்ளை குறைவுபடலாகாது என்னும் பெற்றோரின் எண்ணம் நியாயமானது. அரைமனதோடு செய்த எளிய உடை, வாடகைப் பட்டிலும் இழிவாகவே தோன்றும். எனவே எளிமை என்பது உழைப்பின்மைக்குச் சாட்டாகக்கூடாது. நிறத்தேர்வும் வெட்டும் கட்டும் செம்மையாக அமையவேண்டும். அதற்கான பொறுப்பு ஆசிரியரையே சாரும்.

வாடகை உடுப்பு விழா முடிந்ததும் கடைக்குத் திரும்பிவிடும். பிள்ளையிடம் எஞ்சுவது ஒரு நிழற்படம். தானே கட்டிய கொம்பையும் தாடியையும் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பிள்ளையோ, ஒரு பொருள் எவ்வாறு உயிர்பெறுகின்றது என்னும் அறிவையும் உடன்கொண்டு செல்கின்றது. பாடசாலை அரங்கின் பயன் அவ்வறிவே. அதனை வளர்க்கும் உடையே நல்ல உடை. எஞ்சியவை வெறும் அலங்காரம்.