பரிந்து என்னும் ஒரு சொல்
(இரட்சணிய யாத்திரிகச் செய்யுள் ஒன்றைப் பற்றி)

நடுவண் அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு நாளைக் கழிக்கும் எம்மனோர்க்குப் 'பரிந்துரை' புதிய சொல்லன்று. இடமாற்றமாயினும், குடியிருப்பு ஒதுக்கீடாயினும், சேமநிதியிலிருந்து முன்பணமாயினும், மேலே செல்லும் தாளில் யாரேனும் ஒருவர் பரிந்துரைத்தாக வேண்டும். நாள்தோறும் கையாண்டு தேய்ந்துபோன இச்சொல்லின் முற்பாதி எத்துணை ஈரமுடையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பரிதல் என்பது அன்பினால் நெஞ்சு இளகுதல். சேய்க்குத் தாய் பரிவாள். தலைவிக்குத் தோழி பரிவாள். அந்த இளக்கத்தோடு உரைப்பதே பரிந்துரை. தமிழ் விவிலியத்தில் யோவானின் முதல் நிருபம் கிறிஸ்துவைப் பிதாவினிடத்தில் நமக்காகப் 'பரிந்து பேசுகிறவர்' என்று குறிக்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் வழக்காடுவோரையும் குறிப்பது. தமிழாக்கியோர் வழக்கு மன்றத்தை விட்டுத் தாயின் மடிக்குச் சென்றனர் போலும்.

கிறித்தவ வாழ்வில் பிறர்க்காக வேண்டுதல் எத்தகையது என்பதை அறிய விழைவோர்க்கு யாம் காட்ட விரும்புவது இறையியல் நூல் ஒன்றையன்று; எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ஒரே ஒரு செய்யுளை. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் தோன்றிக் கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அப்பெருமகனார் 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். அவரைக் 'கிறித்தவக் கம்பர்' என்று கூறிக் கைதட்டிவிட்டு, நூலைத் திறவாமலே செல்வது நம் மேடைகளின் வழக்கம். அப்பட்டம் அவரைப் படிப்பதற்குத் துணையாயிற்றா, தடையாயிற்றா என்பது எமக்கு ஐயமே.

யாம் கருதும் செய்யுள், சிலுவையில் அறையுண்ட பெருமான் தம்மை வதைப்போர்க்காக வேண்டுவதைச் சொல்வது. லூக்கா நற்செய்தியில் ஒரே வரியாக உள்ள செய்தி அது. கவிஞர் அதனை நான்கு அடிகளில் நிறுத்துகிறார். முதலில் கண்முன் நிற்பது நைந்த உடல். சொல்லில் அடங்காத துன்பம். அத்துன்பம் உச்சம் எய்தும் இடத்தில் 'பரிந்து' என்று ஒரு சொல் விழுகிறது. யாருக்குத் துன்பமோ அவரே பரிகிறார். யாரால் துன்பமோ அவர்க்காகப் பரிகிறார். அடுத்து 'எந்தாய்' என்னும் விளி. இஃது 'எந்தை' என்பதன் விளியே. ஆயினும் நம் செவி அதில் தாயையும் கேட்டுவிடுகிறது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் பழக்கிய விளியன்றோ அது! இவற்றுக்குப் பின்னரே விண்ணப்பம் வருகிறது. 'மன்னியும்' என்னும் சொல் எவ்வளவு எளியது பாருங்கள்! அணிகள் மலிந்த காப்பியத்தில், அடுக்களைப் பேச்சிலும் வழங்கும் சொல் இது. வேறு இடங்களில் வடசொற் சுமையால் திணறும் அவர் நடை இங்கே இளைப்பாறி நிமிர்கிறது. எம் கணிப்பில் நூலின் மிக உயர்ந்த இடங்களுள் இஃது ஒன்று.

ஆனால், எல்லாம் அறிந்த கடவுளிடம் ஒருவர் மற்றொருவர்க்காகச் சொல்ல வேண்டுவது என்ன? இவ்வினா எமக்கு நெடுநாள் உண்டு. அலுவலகப் பரிந்துரையில் ஒருவர் முன்னேறினால் வரிசையில் நின்ற வேறொருவர் பின்னுக்குப் போகிறார். இந்தக் கசப்பை அறியாத எழுத்தர் இலர். வேண்டுதலும் அத்தகையதோ? விவிலியம் இவ்வினாவுக்குக் கதைகளாலேயே விடை தேடுகிறது. சோதோம் நகர்க்காக ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களில் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என இறங்கிப் பேரம் பேசுகிறார். சந்தை வணிகம் போல நகை தோன்றும். அந்த நகையினடியில் நடுக்கமும் தோன்றும். பத்தோடு அவர் நின்றுவிட, நகரம் அழிந்தே போயிற்று. மோசேயோ பேரம் பேசவில்லை. பொற்கன்றை வணங்கிய தம் மக்களை மன்னிக்காவிடில் உம் ஏட்டிலிருந்து என் பெயரைக் கிறுக்கிவிடும் என்கிறார். நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்பவனைப் பற்றியும் ஓர் உவமை உண்டு. விடாது கேட்க வேண்டும் என்பதற்கே அதனை எடுத்துக்காட்டுவர். அவன் தன் பசிக்குக் கேட்கவில்லை, வழி நடந்து வந்த விருந்தினனுக்காகக் கேட்கிறான் என்பதை எத்தனை பேர் நினைவிற்கொள்கிறோம்? இக்கதைகள் எவற்றிலும் எவரும் வரிசையில் பின்தள்ளப்படவில்லை. வேண்டுபவரே ஏதேனும் ஒன்றைத் தம் கையிலிருந்து பிணையாக வைக்கிறார்.

இந்தப் பிணையைக் கம்பனிலும் காணலாம். போர் முடிந்தபின் விண்ணிலிருந்து வந்த தயரதன் வரம் கேள் என, தீயவள் என்று நீ துறந்த கைகேயி எனக்கு மீண்டும் தாயாகவும், பரதன் தம்பியாகவும் வேண்டும் என்கிறான் இராமன். உயிர்களெல்லாம் அதனை வாழ்த்துகின்றன. தயரதனோ பரதனை ஏற்கிறான். கைகேயிமேல் சினம் ஆறவில்லை. உடனே இராமன் வழக்கை மாற்றுகிறான்: அரசை ஏற்க இசைந்த பிழை என்னுடையது, அவள் பிழைத்ததுண்டோ என்கிறான். அப்போதே தந்தையின் சினம் தணிகிறது. கிருஷ்ண பிள்ளை கம்பனில் ஊறியவர். சிலுவைச் செய்யுளை எழுதுங்கால் இக்காட்சி அவர் உள்ளத்தின் ஓரத்தில் இருந்திருக்கலாம் என்பது எம் ஊகம். சான்று காட்ட இயலாது. வேறுபாட்டையும் மறைத்தலாகாது. இராமன் பிழையைத் தன் சொல்லால் ஏற்கிறான். சிலுவையில் இருப்பவரோ, செய்வது இன்னதென அறியார் என்று அவர்தம் அறியாமையைச் சொல்லி வாதாடுகிறார். பிழையின் சுமையை அவர் உடல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதலடியில் நைந்த மேனியைக் கவிஞர் வைத்த காரணம் இதுவே என்போம்.

நூலின் குறை ஒன்றும் உண்டு. அதற்கு மூலமான ஜான் பன்யனின் கதை (முதற்பகுதி 1678) தனி ஒருவன் பயணம். மனைவி மக்கள் கூவி அழைக்க, செவிகளை விரல்களால் பொத்திக்கொண்டு ஓடுகிறான் அவன். தொடர்வண்டியேறித் தொலைவூர் வந்த நமக்கு இவ்விடம் முள்ளாய்த் தைக்கும். பிழைப்புக்கு வந்தோமேயன்றி ஈடேற்றத்துக்கு வந்தோமல்லோம். ஆயினும் செவியைப் பொத்தியது பொத்தியதே. நெடுவழி சென்றபின் அன்பு என்னும் நங்கை, குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை என அவனைக் கேட்க, அவன் அழுகிறான். அவர்களுக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறான். வேறு செய்ய வழியற்றவனுடைய மறுமொழி அது. மனைவி மக்கள் புறப்பட்டு வரும் இரண்டாம் பகுதியை 1684இல்தான் பன்யன் எழுதினார். தனி மனிதன் ஈடேற்றத்தையே நோக்கும் இக்கதைப் போக்கில் பிறர்க்கான வேண்டுதலுக்கு இடம் சிறிது. அதனாலேயே சிலுவைச் செய்யுள் தனித்து ஒளிர்கிறது.

எம் குடியிருப்பில் நாசரேத் ஊரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மகன் வீட்டில் வாழ்ந்தார். மாலைதோறும் பழைய கணக்குக் குறிப்பேடு ஒன்றைத் திறந்து அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுவார். எம் இளைய மகன் குடற்காய்ச்சலில் கிடந்தபோது அவன் பெயரும் அதில் ஏறியதைப் பின்னரே அறிந்தோம். யாம் அச்சமயத்தவர் அல்லோம். சற்றுக் கூச்சமாகவே இருந்தது. என்ன கேட்டீர்கள் என்று வினவினோம். "பேரச் சொன்னேன் தம்பி. மத்தது அவருக்குத் தெரியாதா?" என்றார்.

இக்கட்டுரைக்காக அச்செய்யுளை ஒரு தாளில் படியெடுத்து அவரிடம் காட்டினோம். பள்ளியில் படித்தது என்று கண்ணாடியின்றியே சொல்லத் தொடங்கினார். பிறகு கண்ணாடி அணிந்து எம் தாளைப் பார்த்தார். அவசரத்தில் யாம் 'பரிந்து' என்பதைப் 'புரிந்து' என்று எழுதியிருந்தோம். குறிப்பேட்டில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்த ஓர் எழுத்தை அடித்துத் திருத்தித் தாளைத் திருப்பித் தந்தார்.