ஆழத் தோற்றமும் ஆழ்ந்த அறிவும்: ஹோம்ஸின் இரு கட்டுரைகள் பற்றிய ஒரு நோக்கு

புகைப்படக் கலை பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சிந்தனைகளுள் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸின் கட்டுரைகள் தனிக்கவனத்துக்குரியன. முப்பரிமாணப் புகைப்படங்களைப் பற்றி அவர் 1859ஆம் ஆண்டு ஜூன் மாத 'அற்லாண்டிக் மந்த்லி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதே இதழில் 1863ஆம் ஆண்டு ஜூலை மாதம் புகைப்படம் பற்றிய மற்றொரு கட்டுரையை வெளியிட்டார. நான்காண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும்போதே அம்முரணின் காரணம் புலனாகும்.

ஹோம்ஸின் கருத்தை மதிப்பிடுவதற்கு முன் அக்கலையின் இயல்பை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும். மனிதனின் இரு கண்களும் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆதலால் அவை ஒரே பொருளைச் சிறிது வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன. இவ்வேறுபாட்டிலிருந்தே ஆழவுணர்வு பிறக்கின்றது என்பதை 1838இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் வீற்ஸ்ரன் விளக்கினார். ஆடிகள் பொருத்திய அவரது ஸ்டீரியோஸ்கோப்பில் முதலிற் கையால் வரைந்த உருவங்களே வைக்கப்பட்டன. புகைப்படம் பரவிய பின்னர், ஒரே கமராவைப் பக்கவாட்டில் நகர்த்தியோ, இரு வில்லைகள் அருகருகே பொருந்திய கமராவைக் கொண்டோ இரட்டைப் படங்கள் எடுக்கப்பட்டன. முதலாவது முறையில் அசையும் பொருள் இரு படங்களிலும் இடம்மாறி நிற்கும். அப்போது கண்கள் அவற்றை இணைக்கமாட்டா. 1849இல் டேவிட் புறூஸ்ரர் வில்லைகள் கொண்ட சிறு பெட்டியொன்றை அமைத்தார். 1851ஆம் ஆண்டின் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்குப் பின்னர் அது நடுத்தர வர்க்க இல்லங்களுட் புகுந்தது. ஹோம்ஸ் தாமே 1861இற் கையிற் பிடித்துப் பார்க்கத்தக்க எளிய கருவியொன்றை வடிவமைத்து, அதற்குக் காப்புரிமை பெறாது விட்டார். அக்கருவியே பின்னர் அமெரிக்கா எங்கும் பரவியது.

1859ஆம் ஆண்டுக் கட்டுரையின் மையக் கருத்து துணிகரமானது. உருவம் இனிப் பொருளிலிருந்து பிரிந்துவிட்டது என்கிறார் ஹோம்ஸ். காணத்தக்க ஒன்றைப் பல கோணங்களிற் படமெடுத்துக்கொண்ட பின், அப்பொருளை இடித்தாலும் எரித்தாலும் இழப்பில்லை என்பது அவர் வாதம். தென் அமெரிக்காவில் தோலுக்காக மாடுகளை வேட்டையாடி உடல்களைக் கைவிடுவதுபோல, மனிதர் உலகப் பொருள்கள் யாவற்றையும் அவற்றின் தோற்றத்துக்காக வேட்டையாடுவர் எனவும் அவர் எழுதுகின்றார். இங்கு நகைச்சுவை கலந்திருப்பது உண்மையே. ஆயினும் அவர் கையாளும் உவமை வணிகத்தின் உவமையாகும். தோலுக்கு விலையுண்டு, உடலுக்கு விலையில்லை என்னும் கணக்கை அவர் கண்டிக்கவில்லை, வியக்கின்றார்.

இவ்வியப்பு விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. 1862 செப்ரெம்பர் 17ஆம் திகதி அமெரிக்க உள்நாட்டுப் போரின் அன்ரீற்றம் சமரில் ஒரே நாளில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். ஹோம்ஸின் மகனும் அங்கு காயமுற்றான். மகனைத் தேடிச் சென்ற தந்தை, சமர் முடிந்து சில நாள்களில் அக்களத்தில் நடந்தார். மத்தியூ பிறேடியின் நிறுவனத்துக்காக அலெக்சாண்டர் கார்ட்னர் அங்கு எடுத்த படங்கள் அவ்வாண்டு ஒக்ரோபரில் நியூயோர்க்கிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை இரட்டைப் படங்களாக எடுக்கப்பட்டவை. 1863ஆம் ஆண்டுக் கட்டுரையில் இப்படங்களைப் பற்றி எழுதும் ஹோம்ஸ், போர் என்னவென்று அறிய விரும்புவோர் இவற்றைக் காண்க என்கிறார். ஆனால், தாம் அவற்றைக் கண்டபோது களத்தில் எழுந்த உணர்ச்சிகள் யாவும் மீண்டும் வந்தன என்றும், இறந்தோரின் உடல்களைப் புதைப்பதுபோல அப்படங்களைப் பேழையினுள் மறைத்து வைத்ததாகவும் கூறுகின்றார்.

நான்காண்டுகளுக்கு முன் உடலைக் கைவிட்டுத் தோலை மட்டும் கொள்ளலாம் என்றவருக்கு, இப்போது படமே உடலாகிவிட்டது. புகைப்படத்தின் இயல்பு இதற்கிடையில் மாறிவிடவில்லை. ஹோம்ஸ் அக்களத்தில் நடந்திருந்தார் என்பதும், அங்கு வீழ்ந்தவருள் ஒருவன் அவர் மகன் என்பதுமே புதியவை. பொருளோடு பார்ப்பவனுக்கு உறவு உண்டாயின் உருவத்தைப் பிரித்தெடுத்தல் இயலாது. உறவு இல்லாதவிடத்து அப்பிரிவு மிக எளிதாக நிகழ்கின்றது. ஹோம்ஸின் முதற் கட்டுரை பொதுவிதியாகக் கூறியது, உண்மையில் உறவற்ற பார்வையாளனின் நிலை மட்டுமேயாகும்.

அவ்வுறவற்ற பார்வை அந்நூற்றாண்டின் இறுதியிற் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1881இற் கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய அண்டர்வூட் அன்ட் அண்டர்வூட் நிறுவனமும், 1892இற் பென்சில்வேனியாவில் தோன்றிய கீஸ்ரோன் நிறுவனமும் நாடு நாடாகப் படமெடுத்து, அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கி இல்லங்களுக்கும் பாடசாலைகளுக்கும் விற்றன. இலங்கையும் அவற்றின் பார்வைக்குத் தப்பவில்லை. தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களைக் காட்டும் அட்டைகள் இவ்வகையில் வெளிவந்தன.

இரட்டைப் படத்தில் ஆழம் நன்கு புலப்படவேண்டுமாயின் அண்மையில் ஓர் உருவம் நிற்றல் வேண்டும். அவ்வுருவத்தை முன்னிறுத்தியே அப்பாலுள்ள சரிவும் மலையும் விலகித் தோன்றும். எனவே இத்தகைய காட்சிகளிற் கொழுந்துக்கூடையுடன் முன்னே நிற்கும் தொழிலாளி, மலையின் தூரத்தை அளக்கும் கோலாகவும் பயன்படுகின்றாள். கூடையின் பின்னல் பார்ப்பவனின் கைக்கு எட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் தோட்டத் தொழிலாளர் அக்காலத்திற் கடனைத் தீர்த்துத் 'துண்டு' பெற்றாலன்றி வேறு தோட்டத்துக்குச் செல்லமுடியாதவராய் இருந்தமை எவ்வில்லைக்கும் புலப்படுவதன்று. அத்துண்டுமுறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதனால் இக்கலையைப் புறக்கணித்தல் வேண்டுமென்பதில்லை. அவ்வட்டைகள் வரலாற்று மாணவனுக்கு அரிய சான்றுகளாகும். உடை, கருவி, நிலத்தோற்றம் ஆகியவற்றை அவை நுணுக்கமாகப் பேணியுள்ளன. தவறு, கண்ணுக்குக் கிட்டும் ஆழத்தை அறிவின் ஆழமெனக் கொள்ளுவதிலேயே உள்ளது. வேறுபட்ட இரு நோக்குகள் சேருமிடத்தே ஆழம் பிறக்கும் என்ற வீற்ஸ்ரனின் கண்டுபிடிப்பு சமூக அறிவுக்கும் பொருந்துவதேயாகும். ஆயின் அக்கமராவின் இரு வில்லைகளும் ஒரே மனிதனின் கையில், ஒரே பக்கத்தில் நின்றே நோக்கின. கூடையைச் சுமந்தவள் நின்ற பக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட படம் அவ்வட்டையில் இல்லை. அதனைத் தேடி இதனருகே வைப்பதே திறனாய்வாளனின் பணியாகும்.